எதிர்க்கரையில் ஓர் ஊர் இருந்தது

ஸ்காட்லாந்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் எடின்பரோவில் இறங்கி, கோட்டையைப் பார்த்து, அங்கிருந்து வடக்கே மலைகளையும் ஏரிகளையும் தேடிப் பேருந்து ஏறிவிடுவார்கள். தெற்கே திரும்புகிறவர்கள் குறைவு. இங்கிலாந்து எல்லையை ஒட்டிய அந்தத் தாழ்நிலப் பகுதியில் மலைகள் உயரம் இல்லை. பச்சைப் பசேலென்ற மேடுகள், செம்மறி ஆடுகள், நடுவே நிதானமாக ஓடும் ட்வீட் நதி, அதன் கரையில் சின்னச் சின்ன ஊர்கள். அவற்றில் ஒன்று கெல்சோ.

எடின்பரோவில் மகனோ மகளோ படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள் என்று இரண்டு மூன்று மாதம் தங்கப் போகும் பெற்றோருக்கு, ஒரு நாளில் போய்வர ஏற்ற ஊர் இது. கூட்டம் கிடையாது. காலாற நடந்தே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். ஆனால், இந்த அமைதிக்குப் பின்னால் இருக்கும் கதை அத்தனை அமைதியானதல்ல. கெல்சோவுக்கு எதிர்க்கரையில், ஒரு காலத்தில் இதைவிடப் பெரிய நகரம் ஒன்று இருந்தது. இன்று அங்கே புல் மட்டுமே இருக்கிறது.

சந்தைச் சதுக்கம்

பேருந்தை விட்டு இறங்கி நாலு எட்டு நடந்தால் ஊரின் நடுவே உள்ள சதுக்கம் வந்துவிடும். ஸ்காட்லாந்தின் மிகப் பெரிய சந்தைச் சதுக்கங்களில் ஒன்று இது. தரை முழுக்கக் கற்கள் பதித்தது. சுற்றிலும் மூன்று மாடிக் கட்டடங்கள். கீழே கடைகள், மேலே வீடுகள். 1816-ல் கட்டிய நகர மன்றம் ஒரு பக்கம் நிற்கிறது. இந்த அமைப்பைப் பார்த்துவிட்டு பிரான்ஸ், பெல்ஜியம் பக்கத்து ஊரைப் போல இருக்கிறதே என்று சொல்பவர்கள் உண்டு.

தரையைக் கவனித்துப் பார்த்தால், கற்களுக்கு நடுவே ஓர் இரும்பு வளையம் தெரியும். சந்தை நாளில் காளைகளைக் கட்டிய வளையம் அது. மாட்டுச் சந்தை இப்போது சதுக்கத்தில் நடப்பதில்லை. ஆனால், ஆடு வளர்ப்பு இன்றும் இந்த வட்டாரத்தின் உயிர்நாடி. ஒவ்வொரு செப்டம்பரிலும் ஊருக்கு வெளியே ஸ்பிரிங்வுட் பூங்காவில் நடக்கும் கிடா விற்பனைக்கு, ஆயிரக்கணக்கான செம்மறிக் கிடாக்கள் ஒரே நாளில் வந்து இறங்கும். பல ஏலக்காரர்கள் ஒரே நேரத்தில் தனித்தனி வளையங்களில் ஏலம் விடுவார்கள்.

சதுக்கத்திலிருந்து பிரியும் ராக்ஸ்பரோ தெருவில், சாலையில் ஒரு குதிரை லாடம் பதிக்கப்பட்டிருக்கிறது. 1745-ல் பிரிட்டன் அரியணைக்கு உரிமை கோரிப் படை திரட்டி வந்த இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட்டின் குதிரை, லாடத்தைக் கழற்றிவிட்ட இடம் அதுதான் என்பது ஊர் வழக்கு. தெருவின் பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ராக்ஸ்பரோதான் அந்தக் காணாமல் போன நகரம்.

பாதி நிற்கும் மடாலயம்

சதுக்கத்திலிருந்து ஆற்றை நோக்கி நடந்தால் கெல்சோ மடாலயம். இருக்கிறது என்று சொல்வதைவிட, மிச்சம் இருக்கிறது என்று சொல்வதே சரி. மேற்குக் கோபுரத்தின் ஒரு பகுதியும், அதை ஒட்டிய சில சுவர்களும் வளைவுகளும்தான் நிற்கின்றன. அந்தப் பகுதியே அண்ணாந்து பார்க்க வைக்கிறது. முழுசாக நின்றபோது எப்படி இருந்திருக்கும்?

அதற்கும் ஒரு சாட்சி இருக்கிறது. 1517-ல் எழுதப்பட்ட ஒரு வர்ணனை ரோமில் வாடிகன் ஆவணங்களில் கிடைத்தது. கிழக்கிலும் மேற்கிலுமாக இரண்டு சிலுவைக் குறுக்குக் கைகள், இரண்டு கோபுரங்கள் என்று அதில் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் அப்படி ஓர் அமைப்பைக் காண்பது அபூர்வம்.

மடாலயம் இங்கே வந்ததற்குக் காரணமே எதிர்க்கரை நகரம்தான். முதலாம் டேவிட், இளவரசராக இருந்தபோது 1113-ல் பிரான்சின் தீரோன் மடத்துத் துறவிகளை வரவழைத்து செல்கிர்க்கில் குடியமர்த்தினார். அரசரான பின், தன் முக்கியக் கோட்டையான ராக்ஸ்பரோவுக்கு அருகில் இருக்கட்டும் என்று 1128-ல் கெல்சோவுக்கு மாற்றினார். அதாவது, அன்றைக்குக் கோட்டை, சந்தை, நாணயச் சாலை எல்லாம் அந்தக் கரையில். பிரார்த்தனையும் மணியோசையும் இந்தக் கரையில்.

எல்லையோரத்தில் இருந்ததால் ஒவ்வொரு போரிலும் அடி விழுந்தது. கடைசி அடி 1540-களில். கைக்குழந்தையான ஸ்காட்லாந்து ராணி மேரியைத் தன் மகனுக்கு மணம் பேசி, அது நடக்கவில்லை என்றதும் இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி படையை ஏவினார். 1545-ல் ஹெர்ட்ஃபோர்டு பிரபுவின் படை வந்தபோது, துறவிகள் சிலரும் மடாலயத்துக்குள் நின்று எதிர்த்தார்கள். பலனில்லை. 1560-ல் மதச் சீர்திருத்தம் வந்த பிறகு மீண்டும் எடுத்துக் கட்ட யாரும் இல்லை. பிற்காலத்தில் இடிபாட்டுக்குள்ளேயே ஒரு சிறிய தேவாலயம் நடத்தினார்கள், பள்ளிக்கூடமும் நடந்தது.

சுங்கம் கேட்ட பாலம்

மடாலயத்தைத் தாண்டினால் ட்வீட் நதியின் மேல் கெல்சோ பாலம். ஐந்து வளைவுகளுடன் நிற்கும் கற்பாலம். முன்பு இருந்த பாலத்தை 1797-ல் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட, ஜான் ரென்னி என்ற பொறியாளர் புதிதாகக் கட்டி 1803-ல் முடித்தார். அவரே பிறகு லண்டனில் தேம்ஸ் நதியின் மேல் வாட்டர்லூ பாலத்தை வடிவமைத்தபோது, அதற்கு முன்மாதிரியாக இருந்தது இந்தக் கெல்சோ பாலம்தான். லண்டன் பாலத்தை 1930-களில் இடித்துவிட்டார்கள். அதன் விளக்குக் கம்பங்களில் இரண்டு இங்கே கொண்டுவந்து நிறுத்தப்பட்டன. தெற்கு முனையில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம்.

வடக்கு முனையில் ஒரு சிறிய வீடு இருக்கிறது. அது சுங்கம் வசூலித்தவரின் வீடு. பாலம் கட்டிய செலவை ஈடுகட்டச் சுங்கம் வைத்தார்கள். செலவு ஈடுகட்டிய பின்னும் வசூல் நிற்கவில்லை. எவ்வளவு காலத்துக்குத்தான் கொடுப்பது என்று ஊர்க்காரர்கள் பொறுமை இழந்தார்கள். 1854-ல் அது கலவரமாகவே வெடித்தது. கூட்டத்தைக் கலைக்கக் கலகத் தடைச் சட்டத்தை வாசிக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகுதான் வசூல் நின்றது. சுங்கச்சாவடியில் வரிசையில் நின்று புலம்பிப் பழகிய யாருக்கும் இந்தக் கதை சட்டென்று புரிந்துவிடும்.

கூடுதுறை

பாலத்தில் நின்று மேற்கே பார்த்தால், சற்றுத் தள்ளி இன்னோர் ஆறு வந்து சேர்வது தெரியும். அது டீவியட். ட்வீட்டும் டீவியட்டும் கூடும் அந்த இடம் தூண்டில்காரர்களிடையே உலகப் புகழ் பெற்றது. வட கடலிலிருந்து ஆற்றை எதிர்த்து ஏறிவரும் சால்மன் மீன்கள் கூடுதுறையில் தங்கி இளைப்பாறும். அங்கே தூண்டில் போட முன்பதிவும் கணிசமான கட்டணமும் உண்டு. வேடிக்கை பார்க்கக் கட்டணம் இல்லை. ஆற்றோரப் புல்வெளியில் நடந்தால் அன்னங்களும் வாத்துகளும் கூடவே வரும்.

இரண்டு ஆறுகளும் சேர்வதற்கு முன், அவற்றுக்கு நடுவே நாக்குப் போல நீண்ட ஒரு நிலம் இருக்கிறது. இரு பக்கமும் தண்ணீர். கோட்டை கட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ராக்ஸ்பரோ கோட்டை அங்கேதான் எழுந்தது. கோட்டைக்குக் கிழக்கே நகரம்.

12-ம் நூற்றாண்டில் ராக்ஸ்பரோ சாதாரண ஊர் அல்ல. எடின்பரோ, ஸ்டர்லிங், பெரிக், ராக்ஸ்பரோ ஆகிய நான்கும்தான் ஸ்காட்லாந்து வணிகத்துக்குச் சட்டம் சொன்ன நகரங்கள். இங்கே நாணயம் அடித்தார்கள். சுற்றுவட்டார மடாலயங்களின் ஆட்டு ரோமம் இந்தச் சந்தைக்கு வந்து, பெரிக் துறைமுகம் வழியாகக் கடல் கடந்து பிளாண்டர்ஸ் நெசவாளர்களிடம் போனது.

கோட்டை கைமாறிய கதைகள்

எல்லையில் இருக்கும் செல்வத்துக்கு ஆபத்து அதிகம். ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் போர் மூண்டதும் ராக்ஸ்பரோ கை மாறத் தொடங்கியது. 1306-ல் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்ட், தன்னை எதிர்த்த ராபர்ட் புரூஸின் தங்கை மேரி புரூஸை இந்தக் கோட்டையில் ஒரு கூண்டில் அடைத்துவைத்தார். சில ஆண்டுகள் அந்தக் கூண்டிலேயே கழிந்தன.

1314 பிப்ரவரியில் அந்தக் கோட்டையை புரூஸின் தளபதி ஜேம்ஸ் டக்ளஸ் மீட்ட விதம் ஸ்காட்லாந்தில் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை. நோன்புக்கு முந்தைய நாள். உள்ளே விருந்தும் கூத்தும். மாலை மங்கலில், டக்ளஸின் ஆட்கள் கறுப்புப் போர்வையைப் போர்த்திக்கொண்டு கைகளாலும் முழங்கால்களாலும் தவழ்ந்து வந்தார்கள். காவலர்கள், பக்கத்துக் குடியானவன் மாடுகளைக் கட்டாமல் விட்டுவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். அந்த மாடுகள் கயிற்றேணியைச் சுவரில் மாட்டி ஏறிவிட்டன!

இதில் இன்னொரு கிளைக்கதையும் உண்டு. அழும் பிள்ளைக்கு நம் ஊரில் பூச்சாண்டி வருவான் என்பதைப் போல, அங்கே டக்ளஸ் வருவான் என்று பயமுறுத்துவார்களாம். அன்று மதில் மேல் குழந்தையோடு இருந்த ஒரு தாய், டக்ளஸ் உன்னைப் பிடிக்கமாட்டான், தூங்கு என்று தாலாட்டிக்கொண்டிருக்க, அவளுடைய தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினால் டக்ளஸ். அவளுக்கும் குழந்தைக்கும் எந்தத் தீங்கும் வராமல் அவன் பார்த்துக்கொண்டான் என்று கதை முடிகிறது.

எதிரி திரும்ப வந்து உட்காரக் கூடாது என்று, பிடித்த கோட்டையை ஸ்காட்லாந்துப் படையே அப்போது இடித்தது. ஆனாலும் ஆங்கிலேயர் வந்தார்கள்; மறுபடி கட்டினார்கள். 1346-க்குப் பின் நூறு ஆண்டுகளுக்கும் மேல் கோட்டை அவர்கள் கையிலேயே இருந்தது. நகரத்தின் கதி என்ன? அதன் ரோமம் வரும் மேய்ச்சல் நிலம் ஒரு நாட்டில், கோட்டை இன்னொரு நாட்டின் கையில். வியாபாரம் எப்படி நடக்கும்? நான்கு நகரங்களின் பட்டியலிலிருந்து ராக்ஸ்பரோவும் பெரிக்கும் நீங்க, வேறு இரண்டு ஊர்கள் அந்த இடத்துக்கு வந்தன.

அரசியின் முடிவு

1460-ல் ஸ்காட்லாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸ், ராக்ஸ்பரோவை முற்றுகையிட வந்தார். அவருக்கு வயது 29. முகத்தில் பெரிய செந்நிற மச்சம் இருந்ததால் நெருப்பு முகத்தவர் என்று பட்டப்பெயர். பீரங்கி என்றால் அவருக்கு உயிர். எடின்பரோ கோட்டைக்குப் போனவர்கள் மான்ஸ் மெக் என்ற பிரம்மாண்டமான பீரங்கியின் அருகில் நின்று படம் எடுத்திருப்பார்கள். அது மனைவி வழி உறவினரான பர்கண்டிப் பிரபு, 1457-ல் இந்த ஜேம்ஸுக்கு அனுப்பிய பரிசு.

ஆகஸ்ட் 3-ம் தேதி, அரசர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒரு பீரங்கி வெடித்துச் சிதறியது. துண்டு ஒன்று தொடையில் பாய, அங்கேயே உயிர் போனது.

அரசர் இல்லை. மூத்த மகனுக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை. அரசி மேரி, இன்றைய நெதர்லாந்தின் கெல்டர்ஸ் பகுதியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். அவருக்கே முப்பது வயது ஆகவில்லை. முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் திரும்பவில்லை. சில நாட்களில் கோட்டை விழுந்தது. ஆகஸ்ட் 10-ம் தேதி, கணவர் இறந்த ஒரே வாரத்தில், கெல்சோ மடாலயத்தில் மகனுக்கு மூன்றாம் ஜேம்ஸ் என்று முடிசூட்டினார்கள்.

அத்தனை விலை கொடுத்துப் பிடித்த கோட்டையை அடுத்து என்ன செய்தார்கள் தெரியுமா? இடித்தார்கள். வைத்திருந்தால் மறுபடி போர், மறுபடி சாவு. அது இல்லாமல் போவதே நல்லது என்று முடிவானது. கோட்டை போனதும், ஏற்கெனவே நலிந்திருந்த நகரத்துக்கு இருக்கக் காரணம் இல்லாமல் போனது. மக்கள் போய்விட்டார்கள். 1547-ல் ஆங்கிலேயர் அந்த மேட்டில் மறுபடி ஒரு காவலரண் கட்டினார்கள். மூன்றே ஆண்டுகளில் அதுவும் போனது. அதற்குப் பிறகு அங்கே யாரும் எதையும் கட்டவில்லை. தேவாலயங்கள், தெருக்கள், சந்தை எல்லாம் இன்று வயலுக்கும் மேய்ச்சல் புல்லுக்கும் அடியில் இருக்கின்றன. மேட்டின் மேல் சில சுவர்த் துண்டுகள் மட்டும் நிற்கின்றன.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் மடாலயத்தை அண்டியிருந்த கெல்சோ சந்தை ஊராக வளர்ந்தது. எதிர்க்கரையில் ராக்ஸ்பரோ அழியாமல் இருந்திருந்தால், அத்தனை பெரிய சதுக்கம் இந்தக் கரையில் தேவைப்பட்டிருக்குமா என்பது சந்தேகமே.

பெயர் பிழைத்தது

ஊர் போனாலும் பெயர் போகவில்லை. அந்த மாவட்டமே ராக்ஸ்பரோஷயர் என்றுதான் பல நூற்றாண்டுகள் அழைக்கப்பட்டது. சில கிலோமீட்டர் தள்ளி, டீவியட் கரையில் அதே பெயரில் ஒரு குட்டிக் கிராமம் இருக்கிறது. ராக்ஸ்பரோ டியூக் என்ற பட்டமும் தொடர்கிறது. அந்தக் குடும்பத்தின் ஃப்ளோர்ஸ் கோட்டை, பழைய கோட்டை மேட்டுக்கு நேர் எதிரே, ஆற்றின் வடகரையில் நிற்கிறது. 1721-ல் வில்லியம் ஆடம் கட்டத் தொடங்கி, 19-ம் நூற்றாண்டில் வில்லியம் பிளேஃபேர் மாற்றி அமைத்த மாளிகை அது. கோட்டை என்று பெயரே தவிர, ஒரு போரையும் பார்த்ததில்லை. இரண்டாம் ஜேம்ஸ் விழுந்த இடம் என்று அதன் பூங்காவில் ஒரு மரத்தைக் காட்டுவார்கள்.

மூன்றாவது டியூக் புத்தகப் பித்தர். அவர் இறந்த பின் 1812-ல் லண்டனில் நூலகத்தை ஏலம் விட்டபோது, 1471-ல் அச்சான ஒரே ஒரு புத்தகம் 2,260 பவுண்டுக்குப் போனது. இத்தாலிய எழுத்தாளர் பொக்காச்சியோவின் கதைத் தொகுப்பு அது. அந்த ஏலத்தின் நினைவாகத் தொடங்கிய ராக்ஸ்பரோ கிளப் என்ற புத்தக ஆர்வலர் சங்கம் இன்றும் இருக்கிறது.

சென்னைக்கு வந்த ஆட்டிடையர் மகன்

மடாலயத்து இடிபாட்டில் நடந்த பள்ளிக்கூடத்தில் 1783-ல் ஒரு பையன் சேர்ந்தான். சிறுவயதிலேயே போலியோ தாக்கி ஒரு கால் ஊனம். பெயர் வால்ட்டர் ஸ்காட். ஆங்கிலச் சரித்திர நாவலின் தந்தை என்று கொண்டாடப்படுபவர். உடன் படித்த ஜேம்ஸ் பாலன்டைன் வளர்ந்து கெல்சோவில் அச்சகம் வைத்தார். எல்லைப்புறத்து நாட்டுப்பாடல்களை ஸ்காட் தொகுத்த நூலின் முதல் இரண்டு பகுதிகள் 1802-ல் அச்சானது அங்கேதான்.

அந்தப் பாடல்களைச் சேகரிக்க ஸ்காட்டுக்குத் துணை நின்றவர் ஜான் லேடன். டீவியட் கரையில், கெல்சோவுக்கு மேற்கே டென்ஹோம் கிராமத்தில் பிறந்த ஆட்டிடையர் மகன். ஒரு பாடலின் விடுபட்ட பகுதி ஒரு முதியவருக்குத் தெரியும் என்று கேள்விப்பட்டு, நாற்பது மைலுக்கு மேல் நடந்தே போய் அதைக் கேட்டு வந்தவர். சில மாதங்களில் மருத்துவம் படித்துத் தேறி, கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் 1803-ல் சென்னைக்கு வந்து இறங்கினார். சென்னையிலும் மைசூர்ப் பக்கமும் பணியாற்றியபடியே மொழி மேல் மொழியாகக் கற்றார். 1811-ல் ஜாவாவில் காய்ச்சலில் இறந்தபோது அவருக்கு 35 வயது. டென்ஹோம் பசும்புல் திடலில் அவருக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது.

போகிறவர்களுக்கு

கெல்சோவுக்கு இப்போது ரயில் கிடையாது. 1964-ல் பயணிகள் ரயிலை நிறுத்திவிட்டார்கள். எடின்பரோவிலிருந்து ட்வீட்பேங்க் வரை 2015-ல் திறந்த ரயில் பாதையில் ஒரு மணி நேரம் போய், அங்கிருந்து பேருந்து பிடிக்கலாம். கார் இருந்தால் சுமார் 70 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து குறைவு. திரும்பும் நேரத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். வெயில் அடிக்கிறதே என்று மழைக்கோட்டை விட்டுவிட்டுப் போகாதீர்கள். கடைகளில் பெரும்பாலானவை மாலை ஐந்து மணிவாக்கில் மூடிவிடும். ஃப்ளோர்ஸ் கோட்டை குளிர்காலத்தில் திறந்திருக்காது. அதற்குக் கட்டணமும் உண்டு. மடாலயத்துக்குக் கட்டணம் இல்லை. எனினும், பராமரிப்பு வேலைக்காக உள்ளே விடாத நாட்கள் இருக்கலாம். கேட்டுக்கொண்டு போவது நல்லது.

சைவம் சாப்பிடுகிறவர்கள், சூப் வாங்கும்போது அது இறைச்சி வேகவைத்த நீரில் செய்ததா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். செல்கிர்க் பேனக் என்ற உலர்திராட்சை போட்ட ரொட்டி இந்த வட்டாரத்துக்கே உரியது. வெண்ணெய் தடவி, தேநீரோடு சாப்பிடலாம். கைக்கு ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் நடைக்கு உதவும்.

அந்த நடையில் ராக்ஸ்பரோ மேட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். டீவியட் பாலத்தைத் தாண்டி, சாலையோரமாகச் சென்று ஏற வேண்டும். ஏற்றம் கொஞ்சம் செங்குத்து. மழை பெய்திருந்தால் வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே நின்றுகொள்ளலாம். மேலே போய் நின்றால் இரண்டு ஆறுகளும், எதிர்க்கரையில் ஃப்ளோர்ஸ் மாளிகையும், தூரத்தில் கெல்சோவின் கூரைகளும் தெரியும். பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போனால், ஊர் எங்கே என்று கேட்பார்கள். காலுக்குக் கீழே என்று சொல்லுங்கள். அரசி மேரியின் கதையை அங்கேயே உட்கார்ந்து சொல்லலாம்.